சங்கத்துப் பழைய பிக்கப் வண்டி கிளம்பாவிடில் செய்யவேண்டிய பரிசோதனைகள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விளைபொருள் சந்தையை அடையும் நேரமே பெரும்பாலும் அதன் விலையை நிர்ணயிக்கின்றது. எட்டரை, கோப்பு முதலிய ஊர்களில் பறிக்கப்படும் மல்லிகை ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்குத் தாமதமின்றிச் சேரவேண்டும். லால்குடி, தொட்டியம் பக்கத்து வாழைத்தார்களுக்கும் அவ்வாறே. மொக்கு மலர்ந்துவிட்டால் வாங்குவோர் குறைவர். ஆகையால், சரக்கு ஏற்றிய வண்டி பின்னிரவில் கிளம்ப மறுப்பது டிரைவரின் தொல்லை மாத்திரமன்று. அங்கத்தினர் அனைவருடைய நஷ்டமுமாகும்.

இத்தகைய சமயத்தில் சாதாரணமாக நிகழ்வது யாதெனில், உடனே பாட்டரியின்மேல் பழி சுமத்தி, சங்கத்தின் பணத்தில் புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. சில வாரங்களில் அதே கோளாறு மீண்டும் தோன்றுகிறது. டிரைவர்மீது சந்தேகமும், நிர்வாகிகள்மீது மனஸ்தாபமும் உண்டாகின்றன. கடைசியில் பார்த்தால், என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள எர்த் கம்பி துருவேறியிருக்கும். முறைப்படி பரிசோதித்திருந்தால் அச்செலவும் மனக்கசப்பும் நேர்ந்திரா.

மின்சார ஏற்பாட்டின் தன்மை

ஆதியில் மோட்டார் வண்டிகளைக் கைப்பிடியால் சுழற்றியே கிளப்பினர். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் என்பாரின் மின்சாரச் செல்ப் அமைக்கப்பட்டபின் அவ்வழக்கம் படிப்படியாக மறைந்தது. இக்காலத்துப் பிக்கப்பிலும் ஏற்பாடு ஏறக்குறைய அதுவே. பாட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கிறது. செல்ப் மோட்டார் அதனைக்கொண்டு என்ஜினைச் சுழற்றுகிறது. என்ஜின் ஓடத்தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் செலவான மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்துகிறது. சிவப்புக் கம்பிவழியே சென்ற மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புவதால், எர்த் இணைப்பு கெட்டால் யாவும் கெடும்.

பரிசோதனை முறை

1. முதலில் ஓசையைக் கவனித்தல். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பவேண்டும். விளக்கு மிகவும் மங்கி, "டிக், டிக்" என்று சப்தம் கேட்டால், பாட்டரி இளைத்திருக்கலாம். அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். விளக்கு மங்காமல் செல்ப் மாத்திரம் அசையாதிருந்தால், மின்சாரம் அதனை அடையவில்லை; சாவி சுவிட்சு, பியூஸ், ரிலே, செல்ப் சாலிநாய்டு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

2. இணைப்புகள். பாட்டரி டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சை நிறமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கலந்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவவேண்டும். சோடா நீர் பாட்டரிக்குள் செல்லலாகாது. கழற்றும்போது கறுப்புக் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடவேண்டும்.

3. பாட்டரி. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதியே உள்ளது. நிறைந்த பாட்டரியும் செல்ப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின், பாட்டரி வலுவிழந்திருக்கலாம். அல்லது செல்ப் மிகுதியாக மின்சாரம் இழுக்கலாம். மூடி திறக்கும் பாட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மாத்திரமே ஊற்றவேண்டும். கிணற்று நீர் கூடாது.

4. எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் கறுப்பு டெர்மினலிலும், மற்றொன்றை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவர் செல்ப் அடிக்கவேண்டும். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் கம்பியைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம்செய்யவேண்டும், அல்லது மாற்றவேண்டும். பழைய வண்டிகளில் இது அடிக்கடி கவனிக்கப்படாத இடமாகும்.

5. ஆல்டர்னேட்டர். என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் நலம். 13-க்குக் குறைந்தால் பெல்ட் தளர்ச்சியையும் இணைப்பையும் பார்க்கவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பாட்டரி நீர் வற்றும். ஓடும் என்ஜினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம் ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிடும்.

6. செல்ப் நன்றாகச் சுழன்றும் என்ஜின் பற்றாவிடில், குற்றம் டீசலிலிருக்கலாம். டாங்கியில் டீசல் உளதா, குழாயில் காற்றுப் புகுந்துளதா என்று பார்த்து, கைப்பம்பால் காற்றை நீக்கவேண்டும். பழைய டீசல் பம்புகள் பலவற்றில் டீசலைத் திறக்கும் சாலிநாய்டு உண்டு. அதன் சிறு கம்பி கழன்றாலும் வண்டி கிளம்பாது. குளோ பிளக் உள்ள வண்டியில் அதன் விளக்கு அணையும்வரை பொறுத்துச் செல்ப் அடிக்கவேண்டும். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்குமேல் அடித்தலாகாது. இடையே ஒரு நிமிஷமாவது ஆறவிடவேண்டும்.

7. இரவில் நிறுத்திய பாட்டரி காலையில் இறங்கியிருந்தால், மின்சாரம் எங்கோ கசிகிறது. பின்னாளில் மாட்டிய ரேடியோ, ஹாரன், அலங்கார விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

எச்சரிக்கை

பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு எழுமாதலால், அருகில் பீடியும் தீக்குச்சியும் கூடா. வேறு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்குகையில் சிவப்பைச் சிவப்போடும், கறுப்பை நல்ல பாட்டரியின் கறுப்போடும் சேர்த்து, கடைசி முனையைக் கிளம்பாத வண்டியின் என்ஜின் இரும்பில், பாட்டரிக்கு விலகி, பிணைக்கவேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது வண்டியையும் சரக்கையும் தீக்கு இரையாக்கும் செயலாகும்.

சங்கத்தார் கடமை

ஒவ்வொரு சங்கமும் ஒரு மல்டிமீட்டரும், வண்டிக்கென ஒரு நோட்டுப் புஸ்தகமும் வைத்துக்கொள்ளல் நலம். பாட்டரி வாங்கிய தேதி, மாதந்தோறும் கண்ட வோல்ட், மாற்றிய சாமான், கொடுத்த கூலி யாவும் அதில் பதியவேண்டும். புதிய சாமான் வாங்கும் தீர்மானம் கமிட்டிக்கு வருகையில் இக்குறிப்புகளும் உடன் வருமாயின், அனுமானத்துக்கு இடமிராது. டிரைவரின்மேல் வீண்பழியும் விழாது. சங்கத்தின் காசும் வீணாகாது. மல்லிகையும் வாடுமுன் சந்தை சேரும்.