பந்தியும் பண்பும்

திருமண மண்டபங்களின் உணவுக்கூடங்களில் இன்று ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. உண்பவரின் நாற்காலியைப் பற்றியபடி அடுத்த பந்திக்கு இடம்பிடிக்க ஒருவர் பின்னால் நிற்கிறார். அமர்ந்திருப்பவர் இன்னும் ரசத்துக்குக்கூட வரவில்லை. பாயசத்தை விட்டுவிட்டு எழுந்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

பின்னால் நிற்பவரைப் பண்பற்றவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. அவர் நிற்காவிட்டால் அந்த இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வார். பொருளியல் வகுப்புகளில் பல ஆண்டுகள் நான் விளக்கிய நிலைமைதான் இது: ஒவ்வொருவரும் தமக்கு நியாயமானதையே செய்கிறார்கள், முடிவில் அனைவரும் நிம்மதியிழக்கிறார்கள். இப்படி நிற்பதால் நாற்காலிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. யார் முதலில் உண்பது என்பது மட்டுமே மாறுகிறது. அதில் தோற்பவர்கள் முண்டியடிக்க இயலாத முதியவர்களும், கைக்குழந்தையுடன் வந்த தாய்மார்களும்தான்.

இதற்குத் தீர்வு எளிது. காத்திருப்போருக்கு வெளியே இருக்கைகள் போட்டு, ஒரு பந்தி எழுந்து, இலைகள் எடுக்கப்பட்டு, மேசை துடைக்கப்பட்ட பிறகே அடுத்த பந்தியை உள்ளே அனுமதிக்க வேண்டும். வாசலில் பொறுப்பான உறவினர் இருவர் நின்றால் போதும்.

அடுத்தது இலையில் மிஞ்சும் உணவு. சமையல் ஒப்பந்தக்காரர் இலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் பெறுகிறார். விருந்தினருக்கோ அது விலையில்லா உணவு. விலை தெரியாத பொருளின் அருமை தெரிவதில்லை. அந்த விலையைக் கடன் வாங்கிக் கொடுத்தவர் பெண்ணின் தந்தையாகவும் இருக்கலாம். ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் தேவை என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. 2022-இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை கூறுகிறது.

விருந்தினர் செய்யவேண்டியது, வேண்டாததைப் பரிமாறும் முன்பே "போதும்" என்று இலைமேல் கை காட்டுவது. வீட்டார் செய்யவேண்டியது, ஆள் அமரும் முன்பே எல்லாப் பதார்த்தங்களையும் இலையில் நிரப்பி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது.

வீணாவதற்கு மற்றொரு காரணம், எத்தனை பேர் வருவார்கள் என்பது வீட்டாருக்குத் தெரியாதிருப்பது. நம் அழைப்பிதழ்கள் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஐந்நூறு பேரா, எண்ணூறு பேரா என்பது ஊகமே. உணவு மிஞ்சினால் பண இழப்பு. பற்றாமல் போனாலோ ஆண்டுக்கணக்கில் பேசப்படும் அவமானம். எனவே கூடுதலாகவே சமைக்கிறார்கள். "நாங்கள் இத்தனை பேர் வருகிறோம்" என்றோ, "வர இயலவில்லை" என்றோ நான்கு நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுவது, மொய்க்கு நிகரான உதவி.

உணவகத்துக்கும் இதே பண்பு பொருந்தும். பரிமாறுபவரை விரல் சொடுக்கி அழைக்காதிருப்பதும், பலர் காத்திருக்கையில் உண்டு முடித்த மேசையில் அமர்ந்து கைப்பேசி பார்க்காதிருப்பதும் யாருக்கும் செலவு வைப்பவை அல்ல.

சட்டத்தால் இவற்றைச் சரிசெய்ய இயலுமா? விருந்தினர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் ஆணைகள் நம் நாட்டில் சில மாநிலங்களில் வந்ததுண்டு; அஸ்ஸாமில் 1991-இல் அத்தகைய ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. ஆனால், எந்த ஆணையாலும் ஒவ்வோர் இலையின் அருகிலும் ஒரு காவலரை நிறுத்திவிட முடியாது. சட்டம் எட்டாத இடத்தில் நடத்தையைக் காப்பது பண்பாடு மட்டுமே.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் பெரிதும் விருந்தளிப்பவரின் கடமையையே பேசினார். விருந்துண்பவரின் கடமையை நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முகூர்த்த நாளில், யாருடைய நாற்காலிக்குப் பின்னாலும் நிற்பதில்லை என்ற முடிவிலிருந்து அதைத் தொடங்கலாம்.