வைட்ஃபீல்டில் ஒரு காரமான தேடல்

ஐரோப்பியச் சாப்பாட்டு மேஜையின் ஹார்ஸ்ராடிஷ் வேரைக் கட்டுப்படியாகும் செலவில் வீட்டிலேயே வளர்க்க முடியுமா? விடை நம் கொல்லைப்புறத்தில் நிற்கிறது, சில நிபந்தனைகளுடன்.

கூரியரில் வந்த பொட்டலத்தின் மேல் ஹார்ஸ்ராடிஷ் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே விதைகள். பால்கனித் தொட்டியில் விதைத்து, ஆறு வாரம் தண்ணீர் ஊற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவலோடு பிடுங்கிப் பார்த்தபோது கையில் வந்தது சாட்சாத் சாம்பார் முள்ளங்கி.

ஏமாந்தவர் வைட்ஃபீல்டில் எங்கள் எதிர் வீட்டு மென்பொருள் பொறியாளர். கோவைக்காரர். சில ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே வேகவைத்த இறைச்சியோடும் புகையூட்டிய மீனோடும் துருவி வைக்கும் அந்த வெள்ளை வேரின் காரம் நாக்கை விட்டுப் போகவில்லை. பாட்டிலில் அடைத்து வரும் இறக்குமதிச் சரக்கு விலையும் அதிகம், காரமும் குறைவு என்பது அவர் புகார்.

"நீங்க மொழிபெயர்ப்பாளர்தானுங்க சார்? இதுக்குத் தமிழ்ல என்ன பேருங்க? பேரு தெரிஞ்சா மார்க்கெட்ல கேட்டு வாங்கிடுவேன்" என்றார்.

சொல்லுக்குச் சொல் 'குதிரை முள்ளங்கி' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த வேருக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. அது முள்ளங்கியும் அல்ல. செடியின் பெயருக்கு முன்னால் ஆங்கிலேயர் குதிரையைச் சேர்த்தால் முரட்டுத்தனமானது, பெரியது என்று பொருள். நாம் ஆனைநெருஞ்சி என்றும் பேய்ப்புடல் என்றும் சொல்வதைப் போல. தாவரவியலில் அதன் பெயர் ஆர்மொரேசியா ரஸ்டிகானா. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. முழு வேருக்கு வாசனையே இருக்காது. துருவும்போதுதான் திசுக்கள் உடைந்து, சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் கலந்து, கடுகில் இருக்கும் அதே கார எண்ணெய் பிறக்கிறது. நாக்கைக் காட்டிலும் மூக்கைத்தான் அது பதம் பார்க்கும். ஜப்பானிய உணவகங்களில் வசாபி என்ற பெயரில் வைக்கப்படும் பச்சை விழுதும் பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷும் கடுகும் பச்சை நிறமும் கலந்ததுதான்.

விதை வாங்கியதுதான் நண்பர் செய்த முதல் தவறு. இந்தச் செடியில் முளைக்கும் திறனுள்ள விதை உண்டாவது அபூர்வம். உலகெங்கும் வேர்த்துண்டை நட்டே பயிர் செய்கிறார்கள். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் துண்டு போதும். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க மேல் முனையை நேராகவும் கீழ் முனையைச் சாய்வாகவும் வெட்டுவது வழக்கம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவருக்குச் செலவு மிகக் குறைவு. காய்கறிக் கடையில் சமையலுக்கு விற்கும் பச்சை வேரை ஒரே ஒரு முறை வாங்கி, தலைப்பகுதியை வெட்டி மண்ணில் வைத்தால் தீர்ந்தது. பிறகு ஒழிக்க நினைத்தாலும் ஒழியாது. மண்ணில் விட்டுப்போன ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

"அப்படின்னா ஜெர்மனி நண்பரை ரெண்டு வேர் அனுப்பச் சொல்லட்டுங்களா?" கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, நடுவதற்கான வேரையோ கிழங்கையோ இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண் ஒட்டிய ஒரு வேரோடு நோயும் பூச்சியும் வந்திறங்கலாம் என்பதால் இந்தக் கண்டிப்பு.

அனுமதியோடு வந்தாலும் தட்பவெப்பம் குறுக்கே நிற்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி எழும் செடி இது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பெங்களூரின் டிசம்பர் இரவு அந்த உறக்கத்துக்குப் போதாது. இலை தழைக்கலாம், வேர் ஐரோப்பாவைப் போல் பருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொந்தக்காரர் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

வெளிநாட்டு நாக்கோடு வைட்ஃபீல்டுக்கு வந்த முதல் ஆள் எங்கள் எதிர் வீட்டுக்காரர் அல்ல. இந்த ஊரே அப்படிப்பட்டவர்களுக்காக எழுந்தது. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், ஆங்கிலோ இந்தியர் குடியேறி விவசாயம் செய்து பிழைக்க 3,900 ஏக்கர் வழங்கினார். முயற்சிக்குத் தலைமை தாங்கிய டேவிட் இம்மானுவேல் வைட் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. வட்டமாக அமைந்த தெருவும் தோட்டத்தோடு கூடிய ஓட்டு வீடுகளுமாக இருந்த கிராமத்தைச் சுற்றி, 1990களில் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. 2023இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

அந்தக் காலத்து மேஜைகளில் ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காத குறையை எது தீர்த்தது? யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி விடை சொல்கிறது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலுக்கு நம் கொல்லைப்புறம் பழக்கமானதுதான். அகராதியில் 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்று ஒரு பதிவு இருக்கிறது. வேரைச் சுரண்டி ஹார்ஸ்ராடிஷுக்குப் பதிலாகப் பயன்படுத்தியதால் வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் அந்தப் பெயர் வழங்கியதாம்.

மரம் வேறொன்றுமில்லை, நம் முருங்கை.

காயைப் பார்த்தவர்கள் டிரம்ஸ்டிக் என்றார்கள். வேரைச் சுவைத்தவர்கள் ஹார்ஸ்ராடிஷ் மரம் என்றார்கள். இலை, பூ, பிஞ்சு, காய் என்று எதையும் விடாத நம்முடைய சமையலறை, வேரை மட்டும் சித்த மருத்துவத்திடம் விட்டுவிட்டது.

இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. முருங்கையும் ஹார்ஸ்ராடிஷும் வேறு வேறு குடும்பங்கள் என்றாலும், தாவரவியலார் இரண்டையும் கடுகு வரிசையில்தான் வைக்கிறார்கள். பப்பாளியும் இந்த வரிசைதான். அதன் விதையைக் கடித்தவருக்கு அந்தக் காரம் தெரியும். முருங்கை வேரிலும் திசு உடைந்தால் கார எண்ணெய் பிறக்கிறது. ஆனால் அது ஒன்றுவிட்ட சகோதரன்; அச்சு அசல் அல்ல.

வளர்க்கும் முறை எளிது. வழக்கம்போல் போத்து நடக் கூடாது. கிளையிலிருந்து வளரும் மரத்துக்குப் பருத்த ஆணிவேர் அமையாது. விதைதான் வேண்டும். நாட்டு முருங்கையின் முற்றிய நெற்றிலிருந்து எடுக்கலாம்; பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 ரகமும் விதையால் வளர்வதே. ஓர் இரவு ஊறவைத்து ஆழமான பையில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். இரண்டடி உயரம் வந்ததும் பிடுங்கினால் அடியில் கிழங்குபோல் பருத்த வேர் இருக்கும். வளர்ந்த மரத்தின் வேரைத் தோண்டி மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. வேரைத் தோல் சீவித் துருவி, சில நிமிடம் விட்டு, வினிகரும் உப்பும் சேர்த்தால் காரம் நிலைக்கும்.

நிபந்தனைகள் இனித்தான். முருங்கையின் வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. பட்டையைத் துளியும் விடாமல் சீவிவிட வேண்டும். ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ளலாமே தவிர, பொரியல்போல் அள்ளிச் சாப்பிடக் கூடாது. வேரும் வேர்ப்பட்டையும் கருவைக் கலைக்கப் பயன்பட்டவை என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முயல வேண்டாம்.

எதிர் வீட்டுக்காரர் கோவையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய விதைகளை மூன்று பைகளில் ஊன்றினார். முதல் செடியைப் பிடுங்கித் துருவிய அன்று என்னையும் கூப்பிட்டார். மூக்கில் ஏறியது, கண் கலங்கியது. "ஜெர்மனி வாசம் இல்லீங்க சார். ஆனா பரவாயில்லை" என்றார்.

மற்ற இரண்டு செடிகளும் பால்கனிக் கம்பிக்கு மேல் தலைநீட்டிவிட்டன. அவற்றை ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டேன்.

"அம்மா அடுத்த மாசம் வர்றாங்க. முருங்கைக்கீரை இருக்குதான்னு கேட்டாங்க."