தாத்தாவோட சவரக் கத்தியும் நாலு நாள் துருவும்

இந்த எபிசோட் ஒரு சின்னக் குற்ற உணர்ச்சியில இருந்து ஆரம்பிக்குது.

என் தாத்தாகிட்ட ஜெர்மனியில ஸோலிங்கன்ங்கிற ஊர்ல செஞ்ச ஒரு சவரக் கத்தி இருந்தது. மடக்குற ரகம். சலூன்ல ஆளுக்கு ஆள் பிளேடு மாத்துவாங்களே, அது இல்ல. இதுல கத்தியேதான் பிளேடு. தீட்டித் தீட்டி வருஷக்கணக்கா பயன்படுத்தலாம். தாத்தா நாற்பது வருஷம் பயன்படுத்தினார்.

அது என் கைக்கு வந்த ரெண்டாவது மாசம். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புற அவசரம். ஷேவ் பண்ணி, துண்டால ஒரு தடவை துடைச்சு, மடக்கி பாத்ரூம் ஷெல்ஃப்ல வெச்சுட்டுப் போயிட்டேன். நாலு நாள் கழிச்சுத் திறந்தா, விளிம்பு ஓரமா பழுப்புப் புள்ளிகள்.

ஏன் இவ்வளவு வேகமா? இந்த மாதிரி பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலமா மாறி இரும்பைக் காப்பாத்தும். கார்பன் ஸ்டீலுக்கு அந்தக் கவசம் கிடையாது. தண்ணியும் ஆக்சிஜனும் சேர்ந்தா துரு. உப்பும் சேர்ந்தா இன்னும் வேகம். வியர்வையில உப்பு இருக்கு, சென்னைக் கடல் காத்துலயும் இருக்கு.

நல்லா தீட்டின விளிம்போட தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கம்மி. கத்தியோட முதுகுல துரு வந்தா அழகு மட்டும்தான் போகும். விளிம்புல வந்தா குழி விழும், ஷேவ் பண்ணும்போது தோலை இழுக்கும். அந்தக் குழி போற வரைக்கும் கல்லுல தேய்க்கணும். அதாவது, கத்தியில கொஞ்சத்தை இழக்கணும்.

எண்ணெய் தடவாததுதான் தப்புன்னு முதல்ல நினைச்சேன். ஆனா ஈரத்து மேல எண்ணெய் தடவினா, ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். என் உண்மையான தப்பு, கத்தியை மடக்கினது. மடக்கினா பிளேடு கைப்பிடிக்கு நடுவுல போயிடும். அங்க காத்தே போகாது.

இப்போ நான் செய்யறது இதுதான். வெந்நீர்ல பிளேடை மட்டும் அலசுவேன். சூடான உலோகம் சீக்கிரம் காயும். கைப்பிடி ஆணியில தண்ணி படாம பார்த்துக்குவேன், ஏன்னா அங்க போன தண்ணியைத் துடைக்கவே முடியாது. அப்புறம் டிஷ்யூவால முதுகுல இருந்து விளிம்பு பக்கமா துடைப்பேன். எதிர்ப்பக்கமா துடைச்சா விரல் போயிடும்! கைப்பிடி இடுக்கையும் துடைச்சிட்டு, துணி வார்ல முதுகு முன்னால போற மாதிரி அஞ்சாறு தடவை இழுப்பேன். விளிம்புல மிச்சமிருக்கிற ஈரம் போயிடும். படிகாரம் தடவின கையோட கத்தியைத் தொட மாட்டேன். படிகாரத் தண்ணி அமிலத்தன்மை உள்ளது.

கடைசியா, பாத்ரூமுக்கு வெளியே, குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல ஒரு மணி நேரம் திறந்தபடியே வைப்பேன். ஒரு வாரத்துக்கு மேல தொடப் போறதில்லைன்னா மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆக பிசுபிசுன்னு ஆயிடும். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வெச்சுக்கும்.

இதையெல்லாம் பாட்டிகிட்ட பெருமையா விளக்கினேன். அவங்க சிரிச்சாங்க. "உங்க தாத்தா தெனமும் கத்தியைத் தொறந்து அலமாரி மேலதான்டா வைப்பாரு. காபி குடிச்சு, பேப்பர் படிச்சு முடிச்சப்புறம்தான் மடக்குவாரு"ன்னாங்க.

நான் அதை வயசானவங்க பழக்கம்னு நினைச்சிருந்தேன். நாற்பது வருஷம் அந்தக் கத்தியைக் காப்பாத்தினது அந்த ஒரு மணி நேரம்தான்.

கல்லுல தேய்ச்சு விளிம்பைச் சரி பண்ணிட்டேன். முதுகுப் பக்கம் ஒரு கருப்புப் புள்ளி மட்டும் இருக்கு. அது அப்படியே இருக்கட்டும். உங்க வீட்டு அலமாரியிலயும் இப்படி ஒரு கத்தி இருந்தா, இன்னைக்கே திறந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!