சிவக்காத தோல்

மலையகத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பதைக் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்பார்கள். விஞ்ஞானப்படி பிழையான பெயர். ஆனால் மூன்றாவது வாரத்தில் மார்பிலும் அக்குளிலும் கிளம்பும் காந்தலை அறிந்தவர்கள் அதைத் திருத்தப் போகமாட்டார்கள்.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண் ஒருத்திக்கு அறுவை முடிந்து கதிர்வீச்சு என்று எழுதிவிட்டால், பெரும்பாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சிலர் மகரகம அபேக்ஷாவுக்குப் போவார்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு 2017இல் 150 கட்டில்களோடு புதுக் கட்டடம் வந்தது. ஆனாலும் கதிர்வீச்சுக்கு மலை இறங்கத்தான் வேண்டும்.

தோலில் வரும் பக்கவிளைவை மருத்துவர்கள் எண்ணால் குறிப்பார்கள். பல நாடுகளில் புழக்கத்தில் இருப்பது ‘ஆர்டிஓஜி’ அளவுகோல். மாற்றமே இல்லையென்றால் 0. இலேசான சிவப்பு, உலர்ந்து உரிதல் என்றால் 1. சிவப்பு கூடி, அங்கங்கே ஈரமாக உரிந்தால் 2. அந்த ஈரப்புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் 3. ஆழ்புண், இரத்தக்கசிவு, தோல் செத்துப்போதல் என்றால் 4. ஒழுங்கான ஏணிதான். ஆனால் 1, 2 ஆகிய படிகள் சிவப்பை நம்பி நிற்கின்றன. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியது. நம் பெண்களின் தோல் சிவப்பதற்கு முன் கறுக்கும். கதிர் பட்டதும் நிறமிச் செல்கள் உசுப்பப்பட்டு, கதிர் விழுந்த எல்லை வரை கருமை படியும். சிவப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். சிவப்பை மட்டும் தேடுகிற கண், ‘0’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும்.

கறுத்த தோலைத் தொட்டுத்தான் படிக்க வேண்டும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டால் தடிப்பும் வீக்கமும் தெரியும். அக்குளையும் மார்பின் அடிமடிப்பையும் தூக்கிப் பார்க்காத பரிசோதனை பரிசோதனையே இல்லை என்பேன். வேர்வையும் உராய்வும் சேருகிற அந்த இடங்களில்தான் ஈரப்புண் எளிதில் வரும். முதல் நாளே இயல்பான நிறத்தை எழுதி வைத்திருந்தால், பிறகு வந்த கருமை எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல் காலம். தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர நாலு வாரம் வரை ஆகும். கதிர் அடியடுக்கைத் தாக்குகிறது. மேலே உதிர்ந்ததை நிரப்பக் கீழே ஆள் குறைகிறது. அதனால் கோளாறு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்கி, சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்கு வரும். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். முன்பு 50 கிரேயை 25 தடவையாகக் கொடுத்தார்கள். 40 கிரேயை 15 தடவையில் கொடுத்தாலே போதும் என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டின. தோலுக்கும் அது இதமானது. பத்து நாள் பஸ் பயணம் மிச்சமாவது சின்ன விஷயமல்ல. ஆனால் சிகிச்சை சுருங்கச் சுருங்க, தோல் மோசமாகும் நாட்கள் முழுவதுமாக தோட்ட வரிசைவீடான லயத்துக்குப் போய்விடுகின்றன.

லயத்தில் அதைப் பார்ப்பவர்கள் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும். அக்கி என்பார்கள், அம்மை என்பார்கள், மஞ்சள் பூசுவார்கள். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை, ஆனால் மஞ்சள் பூச்சு தோலின் நிறத்தை மூடிவிடும். தைலம் எரிச்சலைக் கூட்டும். ‘தண்ணியே படக்கூடாது’ என்ற பழைய கட்டுப்பாடும் தேவையில்லாதது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சவர்க்காரம், ஒற்றி எடுக்கப் பருத்தித் துணி போதும். நீர் வடிந்தாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

பார்ப்பது பாதிதான், மீதி கேட்பது. நோபிள்-ஆடம்ஸ் 1999இல் வெளியிட்ட ‘ரிஸ்ராஸ்’ அளவுகோலில் நோயாளியே பதில் சொல்ல நான்கு கேள்விகள் உண்டு: தொட்டால் வலிக்கிறதா, அரிக்கிறதா, எரிகிறதா, அன்றாட வேலை கெடுகிறதா. இங்கே மொழி குறுக்கே நிற்கிறது. ‘ரிதெனவாத?’ என்று சிங்களத்தில் கேட்டால், வலிக்கிறதா என்று பொருள். தமிழ் பேசும் தோட்டப் பெண்ணுக்கு வலியில்லை, காந்துகிறது. ஆகவே இல்லையென்று தலையாட்டுவாள். காந்தல், எரிச்சல், நமைச்சல், சுரீரென்று இழுப்பது எல்லாம் வேறு வேறு என்பது தமிழில் கேட்டால்தான் வெளிவரும்.

நான்காவது கேள்வியை அப்படியே மொழிபெயர்த்தாலும் ‘பரவாயில்லைங்க’ என்ற பதில்தான் கிடைக்கும். கூடையின் கயிறு தோளில் உரசுகிறது, கை தூக்கினால் அக்குள் இழுக்கிறது, பகல் நிறுவைக்குக் கொழுந்து குறைகிறது என்பதை அவள் ‘அன்றாட வேலை’ என்ற சொல்லுக்குள் கொண்டுவரமாட்டாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போவது ‘மலைக்குப் போவது’; முழுநாள் கூலி பதிவானால் ‘முழுப்பேர்’, பாதி என்றால் ‘அரைப்பேர்’. தோட்டத்து மிட்வைப் கேட்டால் வேறுமாதிரிக் கேட்பார்: “மலைக்குப் போனீங்களா? முழுப்பேர் விழுந்துச்சா, அரைப்பேரா?”