பழைய வண்டிக்குப் புதுவாழ்வு



நம் தோட்டங்களில் வீட்டோரமாக ஓடாமல் கிடக்கும் பழைய மோட்டார் வண்டிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். டயர்கள் காற்றிறங்கிக் கிடக்கும். கூரைமேல் சருகு மூடியிருக்கும். “சும்மா கிடக்கிறதே, நாமே சரிசெய்து ஓட்டினால் என்ன?” என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுவதுண்டு. நல்ல எண்ணந்தான். புது வண்டி வாங்கினால் ஒன்பது ஆண்டுகள்வரைகூட மாதத் தவணை கட்ட நேரிடுகிறது. பழைய வண்டியை முறையாகச் சீர்ப்படுத்தினால் கடனில்லாமல் ஒரு வண்டி கிடைக்கிறது. கைத்தொழில் அறிவும் கூடவே வருகிறது. ஆனால், அந்த வேலையை எங்கிருந்து தொடங்குவது? இன்று நாம் பேசவிருப்பது இதைப் பற்றித்தான்.

தொடங்கக் கூடாத இடம் எதுவென்பதை எங்கள் அனுபவத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், 1989-இல் பதிவான சாகா வண்டி ஒன்றை வாங்கினோம். மூன்று ஆண்டுகளாக ரம்புத்தான் மரத்தடியில் நின்ற வண்டி. அதைச் சீர்ப்படுத்தக் கையில் 4,000 வெள்ளி வைத்திருந்தோம். புதுச் சாயம், அலுமினிய ரிம், இருக்கை உறை என்று 2,800 வெள்ளி போயிற்று. மிச்சத்தில் பேட்டரி மாற்றினோம். கறுப்பு எண்ணெய் மாற்றினோம். வண்டி பளபளவென்று ஓடியது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனோம்.

திரும்பி வருகையில், தாப்பாவை நோக்கி இறங்கும் வளைவுச் சாலையில், பிரேக் மிதி திடீரென்று பஞ்சுபோல் அமுங்கியது. எவ்வளவு மிதித்தும் பிடிப்பில்லை. பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோரத்தில் ஒருவாறு நிறுத்தினோம். ஒரு மணி நேரம் கழித்து மிதி தானாகவே பழையபடி இறுகிவிட்டது. ஏன் அப்படி நடந்தது?

பிரேக்கை நாம் மிதிக்கும்போது, மெல்லிய குழாய்களுக்குள் இருக்கும் பிரேக் எண்ணெய்தான் நம் கால் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. இந்த எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 எனும் வகை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தபோது சூடேறி, பழைய எண்ணெயிலிருந்த நீர் ஆவியாயிற்று. நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே, எங்கள் கால் அழுத்தியது வெறும் ஆவியைத்தான். சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் நீரானது, மிதியும் இறுகியது. கைப்பிரேக் எண்ணெயால் அல்லாமல் கம்பி வடத்தால் இயங்குவதால்தான் அன்று நாங்கள் தப்பினோம்.

அந்த எண்ணெயை மாற்ற ஐம்பது வெள்ளிகூட ஆகியிருக்காது. ரிம்மிற்குக் கொட்டிக் கொடுத்த நாங்கள் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். வண்டிக்கு அதை இப்படிச் சொல்லலாம்: முதலில் நிற்க வேண்டும், அடுத்து ஓட வேண்டும், கடைசியாகத்தான் மினுக்க வேண்டும்.

எந்த வண்டியைத் தேர்வது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். உதிரிப்பாகம் எளிதாகக் கிடைக்கும் வண்டியே சிக்கன வண்டி. முதல் சாகா 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமாயிற்று. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட அந்த அமைப்பிலான வண்டிகள், சிற்சில மாற்றங்களோடு 2008 வரை வெளிவந்தன. ஆகவே, ‘பொத்தோங்’ கடை என்று நாம் பேச்சில் சொல்லும் பழைய வண்டி உதிரிக் கடைகளில் அதற்குப் பாகம் தேடுவது அரிய கார் ஒன்றுக்குத் தேடுவதைப்போல் கடினமன்று. ஆனால் ஒன்று: கதவு, விளக்கு, இருக்கை போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம், பிரேக் கட்டை, ரப்பர் குழாய், டயர் ஆகியவற்றைப் புதியதாகவே வாங்க வேண்டும்.

இனி, வேலைகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, நிற்பது. பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றி, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவர வேண்டும். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, பின்சக்கர டிரம்மிற்குள் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்குள்ள தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும், நெடுங்காலம் கிடந்த டயரின் ரப்பர் இறுகி வெடித்துவிடும்.

இரண்டாவது, ஓடுவது. டைமிங் பெல்ட் எனும் பல்வாரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அது அறுந்தால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். அடுத்தது சூடு. “நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு?” என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. இது தவறு. எஞ்சினுக்கு வேண்டிய அளவான சூட்டைக் காத்துத் தருவதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ரேடியேட்டரில் வெறும் குழாய்த்தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருப்பிடிக்கும். அதற்குரிய குளிர்விப்பு நீர்மத்தைக் கலந்து ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, உடல். துருவின்மேல் ‘பட்டி’ பூசிச் சாயம் அடித்தால் அது மூடிவைத்த புண்ணைப் போன்றது. எங்கள் வண்டியின் புதுச் சாயம் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கதவுக்கடியில் கொப்புளித்தது. துருப்பிடித்த இடத்தைத் திருப்புளியால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் தகரம் போய்விட்டது. வெட்டியெடுத்துப் புதுத் தகரம் ஒட்டவைக்க வேண்டும். இறங்காவிட்டால், மினுமினுக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பிறகே சாயம் அடிக்க வேண்டும்.

இவற்றில் எதை நாமே செய்யலாம்? எண்ணெய், வடிகட்டி, பிளக், விளக்கு மாற்றுதல், துரு சுரண்டுதல், இருக்கை தைத்தல் போன்றவற்றை வீட்டு வாசலிலேயே செய்யலாம். பிரேக் வேலையை முதன்முறை தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டு செய்வதே அறிவுடைமை. ஸ்டியரிங் பழுது, தகரம் ஒட்டும் வேலை ஆகியவற்றைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். காலியான பெட்ரோல் தொட்டிக்கு அருகில் நெருப்பைக் கொண்டு போகவே கூடாது. பெட்ரோலைவிட அதன் ஆவியே எளிதில் வெடிக்கும். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். கெட்டியான தரையில், உறுதியான தாங்குகால்களை வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். இந்த ஒரு பேச்சையாவது இளைஞர்கள் மறவாதிருக்கட்டும்.

நான்காவதுதான் அழகு. நம் விருப்பப்படி வண்டியை மாற்றியமைப்பதில் குற்றமில்லை. ஆயினும், வண்டியின் நிறத்தை மாற்றினாலும் எஞ்சினை மாற்றினாலும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் அது ஏற வேண்டும். எஞ்சினுக்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால், முன்கண்ணாடியில் 70 விழுக்காடும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் புக வேண்டும். செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால், விபத்துக் காலத்தில் இழப்பீடு கிடைப்பது சிக்கலாகலாம்.

செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக்கொள்ளுங்கள். ‘நிற்க’, ‘ஓட’, ‘உடல்’, ‘அழகு’ என்று நான்கு பக்கம் பிரித்து, முதல் பக்கத்து வேலை முடியாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். எதிர்பாராச் செலவுக்கென்று கையிருப்பில் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

எங்கள் சாகா இன்றும் ஓடுகிறது. அந்த அலுமினிய ரிம்களை விற்ற காசில்தான் பிரேக் வேலை முழுவதையும் செய்து முடித்தோம். இப்போது பழைய இரும்பு ரிம்மோடுதான் பள்ளிக்குப் போகிறோம். பிரேக் எண்ணெய் மாற்றும் நாளில் எங்கள் மூத்த மகன் உள்ளே உட்கார்ந்து மிதியை மிதிப்பான்; நாங்கள் சக்கரத்தடியில் திருகாணியைத் திறந்து மூடுவோம். “இறுகிடுச்சா?” என்று கேட்போம். “கல்லு மாதிரி இருக்குப்பா” என்பான். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே வண்டியை வெளியே எடுப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.