தறி மோட்டார்: தினமும் 5 நிமிஷம் பார்த்தா எவ்வளவு மிச்சம்?

திருத்தணி சுத்துவட்டாரத்துல அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் போனா தெருவுக்குத் தெரு விசைத்தறி சத்தம்தான். அந்தத் தறி மோட்டாரை நாம கவனிக்கிறது எப்போ? ஆயுத பூஜை அன்னைக்கு, பொட்டு வைக்கிறப்போ. மீதி 364 நாள் அது பாட்டுக்கு ஓடுது. ஒரு நாள் கருகுது.

மோட்டார் கருகினா செலவு ரீவைண்டிங் கூலியோட முடியாது. ஒரு பேச்சுக்கு ரீவைண்டிங் 3,000 ரூபாய், தறி மூணு நாள் நிக்குது, நாளுக்கு 600 ரூபாய் கூலி போச்சுன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 4,800. உங்க கணக்கை நீங்களே இப்படிப் போட்டுப் பாருங்க.

இதுல கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு இருக்கு. சரியா செய்யாத ரீவைண்டிங்ல மோட்டாரோட திறன் குறையும். முழு லோடுல ஓடுற 1 எச்.பி. மோட்டாரோட திறன் 75 சதவீதத்துல இருந்து 72 ஆனா, நாளுக்கு 10 மணி நேரம், வருஷம் 300 நாள் கணக்குல சுமார் 124 யூனிட் கூடுதலா இழுக்கும். "நமக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கே"ன்னு சிலர் நினைப்பாங்க. 2023-ல விசைத்தறிக்கு இலவசத்தை ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்ல இருந்து 1,000 யூனிட்டா உயர்த்தினாங்க, உண்மைதான். ஆனா நாலு தறி ஓட்டுறவங்க அந்த 1,000-ஐ எப்படியும் தாண்டிடுவாங்க. அப்போ கூடுதலா ஏறுற ஒவ்வொரு யூனிட்டும் நம்ம பாக்கெட்ல இருந்துதான்.

சரி, தினமும் என்ன பார்க்கணும்? முதல்ல பஞ்சு. மெயினை ஆஃப் பண்ணிட்டு, மோட்டார் பின்பக்க ஃபேன் கவர்லயும் பாடி வரி இடுக்குலயும் ஒட்டியிருக்கிற பஞ்சை பிரஷ்ஷால தட்டிவிடுங்க. சாதாரண மோட்டாரை சுத்துப்புற வெப்பம் 40 டிகிரி வரைக்கும்னுதான் வடிவமைக்கிறாங்க. நம்ம ஊர் கத்திரி வெயில் அதைத் தாண்டும், ஷீட் போட்ட கொட்டகைக்குள்ள கேக்கவே வேணாம். அதுக்கு மேல பஞ்சுப் போர்வை வேற! வைண்டிங் சூடு 10 டிகிரி கூடினா இன்சுலேஷன் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்.

தொடுற சூடு எவ்வளவு இருக்கணும்னு கேட்பீங்க. ஓடுற மோட்டார் கை வைக்க முடியாத அளவு சுடுறது சில நேரம் சாதாரணம்தான். அதனால பக்கத்துத் தறியோட ஒப்பிடுங்க. ஒரே துணி, ஒரே வேகம், ஆனா ஒண்ணு மட்டும் அதிகமா சுடுதா? பெல்ட் ரொம்ப இறுக்கமா இருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். கரகரன்னு சத்தம் வந்தா பேரிங்கை உடனே மாத்துங்க. அதுக்கு ஆகுறது சில நூறு ரூபாய்தான். கிரீஸை அள்ளித் திணிக்காதீங்க, அதிகமானாலும் சூடாகும்.

அடுத்தது ஃபேஸ். இதுதான் பெரிய எமன். மூணு ஃபேஸ்ல ஒண்ணு போனா, ஓடிட்டிருக்கிற மோட்டார் உடனே நிக்காது. மீதி ரெண்டுல சுமார் 1.7 மடங்கு கரண்ட் இழுத்து, கொஞ்ச நேரத்துல கருகிடும். காலையில சுவிட்ச் போடும்போது மூணு இண்டிகேட்டர் லைட்டும் எரியுதான்னு பாருங்க. ஓவர்லோடு ரிலே மோட்டார் பிளேட்ல இருக்கிற ஆம்பியருக்கு செட் ஆகியிருக்கணும். அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு அதை ஏத்தி வைக்கிறதும், ஃபியூஸ்ல தடிமன் கம்பி போடுறதும், நாய் குரைக்குதுன்னு வாயைக் கட்டுற கதைதான்.

ஏற்கெனவே கருகிடுச்சா? ரீவைண்டிங் கடையில காயிலைப் பிரிக்கும்போது பக்கத்துல நில்லுங்க. எல்லா காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோடு, இல்ல காத்தோட்டம் இல்லாத சூடு. சில செட் மட்டும் கருகி மத்ததெல்லாம் பளபளன்னு இருந்தா, ஃபேஸ் போயிருக்கு. அந்தக் காரணத்தை சரி பண்ணாம அதே மோட்டாரைத் திரும்ப மாட்டினா அடுத்த 4,800-க்கு நாள் குறிச்ச மாதிரிதான். அந்த லைனை முதல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டிட்டு, அப்புறம் மாட்டுங்க.