கால் விறைப்புக்கு காந்த சிகிச்சை: மெத்தை வேறு, மிஷின் வேறு!

சேலம்,

காந்த வைத்தியம் என்றதும் சேலம், நாமக்கல் பக்கம் பலருக்கு ஞாபகம் வருவது காந்த மெத்தையும், காந்த பெல்ட்டும்தான். ஆள் சேர்த்து ஆள் சேர்த்து ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்ற சரக்கு அது.

மூளைக்கு காந்தத் துடிப்பு கொடுத்து கால் விறைப்பைக் குறைக்கும் சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதற்கும் இந்த மெத்தைக்கும் துளியும் சம்பந்தம் கிடையாது.

உறை உரிந்த ஒயர்

இந்த சிகிச்சையை சோதித்துப் பார்த்திருப்பது 'மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்' என்ற நரம்பு நோயாளிகளிடம். சுருக்கமாக எம்.எஸ். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் வரும். ஆண்களைவிட பெண்களுக்கு அதிகம்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையைத் தின்றுவிடுகிறது. பழைய லாரியில் ஒயர் உறை உரிந்தால் லைட் மினுக் மினுக்கென்று எரிவதுபோல, மூளையின் கட்டளை பாதி வழியில் நின்றுபோகிறது.

'காலை எடுத்து வை' என்ற கட்டளை மட்டும் தண்டுவடத்தில் இறங்குவதில்லை. 'போதும், இழுக்காதே' என்று தசையை அடக்கும் கட்டளையும் அதே வழியில்தான் வருகிறது. அது வராவிட்டால் தசை மூக்கணாங்கயிறு அறுத்த மாடுதான். கால் கட்டைபோல் விறைக்கும். ராத்திரி இழுத்துப் பிடிக்கும். தள்ளாடி நடப்பதைப் பார்த்து 'பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறான்' என்று பேசும் கொடுமை வேறு!

சைக்கிள் டைனமோ கணக்கு

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1985-ல் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இந்த மிஷினை உருவாக்கினர். தாமிரக் கம்பிச் சுருளை தலைமேல் வைப்பார்கள். காலை ஆட்டுவிக்கும் இடம் உச்சந்தலைக்கு நேர் கீழே இருக்கிறது. சுருளில் 'டக், டக்' என்று மின்சாரம் பாயும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளவுக்கு பலமான காந்த சக்தி, கண் இமைப்பதற்குள் வந்து மறையும்.

காந்தம் மாறினால் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் நடப்பதும் இதுதான். அந்த சின்ன மின்சாரம் மூளை நரம்பைத் தட்டி எழுப்ப, தசையை அடக்கும் கட்டளை கொஞ்சம் பலமாக இறங்குகிறது. மெத்தைக்குள் சும்மா கிடக்கும் காந்தம் மாறுவதே இல்லை. அப்புறம் எங்கிருந்து மின்சாரம் வரும்?

இது 'ஷாக்' வைத்தியமும் இல்லை. மயக்க ஊசி கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி முடிந்துவிடும்.

எத்தனை நாள் நிற்கும்?

இத்தாலி டாக்டர்கள் 2007-ல் 19 எம்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தனர். 2 வாரம் கொடுத்ததில் கால் விறைப்பு குறைந்தது. நிறுத்திய பிறகும் ஒரு வாரமாவது பலன் நின்றது. உடற்பயிற்சியோடு சேர்த்தால் பலன் கூடுவதாக 2011-ல் இன்னொரு சோதனை காட்டியது.

சோதிக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். எம்.எஸ். நோயை இது குணப்படுத்தாது. 'ஒரே வாரத்தில் எழுந்து நடக்கலாம்' என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

தலைக்குள் உலோக கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களும், வலிப்பு வந்தவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சிலர் அந்த விறைப்பை ஊன்றுகோலாக வைத்துத்தான் நிற்கிறார்கள். அதை ஒரேயடியாக இளக்கினால் முழங்கால் மடங்கி விழ நேரிடும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரையை நிறுத்தாதீங்க

விறைப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது பேக்லோபென் மாத்திரை. அதை திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், இறுக்கமான செருப்பு கூட விறைப்பை அதிகமாக்கும். வெயிலில் எம்.எஸ். தொந்தரவுகள் தற்காலிகமாகக் கூடும். சேலம் கத்திரி வெயிலில் மதிய நேரம் வெளியே போகாமல் இருப்பது நல்லது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் காந்தத் துடிப்பு மிஷின் உண்டு. அங்கே அது முக்கியமாக மனநோய்களுக்குப் பயன்படுகிறது. எம்.எஸ். கால் விறைப்புக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுவது நல்லது. முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி நரம்பியல் டாக்டரைப் பார்க்கலாம்.

2016-ம் ஆண்டு சட்டப்படி எம்.எஸ். நோயும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக டாக்டர்கள் சான்று கொடுத்தால் அரசு சலுகைகளுக்கு மனு செய்யலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.